நேரலையில் உறங்கியவன்

"எல்லாருக்கும் கேக்குதா...? மழைச் சத்தம் ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் கத்தித்தான் பேசுவேன். கோவிச்சுக்காதீங்க!"

கைபேசியை மூன்று கால் தாங்கியில் சரியாக நிறுத்திவிட்டு, சைகல் பளிச்சென்று ஒரு சிரிப்பை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள்.

பீஷ்கெக் நகரத்தின் மேல் அந்த ஏப்ரல் மழைக்கு என்ன கோபமோ... சாலையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தது. கடையின் கண்ணாடி முழுக்க நீர்க்கோடுகள். அதற்கு அப்பால் குடைகள் எல்லாம் கரைந்த வண்ணங்களாக ஓடிக்கொண்டிருந்தன. இந்த மழையில் மெத்தை வாங்க யார் வரப்போகிறார்கள்? மழை இல்லாத நாளிலேயே வருவதில்லை. நான்கு தெரு தள்ளிப் பளபளவென்று மால் ஒன்று திறந்த பிறகு, சபீராவின் மெத்தைக் கடை இருப்பதே ஊருக்கு மறந்துவிட்டது. "கடையை மூடிட்டு வாடகைக்கு விட்டுடலாம்டி" என்று அம்மா சபீரா சொல்லத் தொடங்கிய நாளில்தான், மகள் இந்த நேரலையைத் தொடங்கினாள். தினமும் மதியம் ஒரு வீடியோ. பார்க்கிறவர்கள் யார்? நரீன் ஊரில் இருக்கும் சித்தி, பள்ளித் தோழிகள் சிலர், மாஸ்கோவில் லாரி ஓட்டும் அப்பா... அவ்வளவுதான்.

"இது பாருங்க, ஸ்பிரிங் மெத்தை. இந்தப் பக்கம் நீங்க புரண்டு படுத்தா, அந்தப் பக்கம் உங்க வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. அவர் எழுந்து போனாலும் உங்களுக்குத் தெரியாது... அது நல்லதா கெட்டதான்னு நீங்களே பாத்துக்கோங்க!"

திரையில் திடீரென்று எழுத்துகள் வேகமாக ஏறத் தொடங்கின.

‘சைகல், பின்னாடி யாரு?’

‘ஐயோ... என்னமா தூங்குறான்!’

‘ஏய், திரும்பிப் பாருடி!’

விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அப்பாவின் பெயரில் ஒரு வரி வந்து விழுந்தது. ‘யாரும்மா அவன்?’

திரும்பினாள்.

கடையிலேயே விலை கூடிய மெத்தையில், ஒருக்களித்து, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து... ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆடாமல் அசையாமல். காலணிகளைக் கதவோரம் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தான். நனைந்த மேல்சட்டையை நாற்காலியின் முதுகில் போட்டிருந்தான். மெத்தையில் ஈரம் படக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, பாதங்கள் மட்டும் விளிம்புக்கு வெளியே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் உள்ளே போய் உறைகளை எடுத்து வந்த நேரத்தில் நுழைந்திருக்க வேண்டும். புருவ முடியில் ஒரு மழைத்துளி விழுவதா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றது...

சே! எதைப் பார்க்கிறேன் நான்?

"ஹலோ... இந்தாங்க... எழுந்திருங்க!"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"முன்னாடி நிக்காதீங்க எஜே... பின்னாடி காலியா இருக்கு பாருங்க... உள்ள போங்க..."

"எஜேயா?" சைகலுக்கு மூக்கு சிவந்தது. எஜே என்றால் அக்கா. இவனுக்கு நான் அக்காவா! "யாருக்கு யார் எஜே? இது கடை! படுத்துத் தூங்குறதுக்கு உங்க வீடா?"

கண்கள் திறந்தன. நன்றாகக் கொதித்த தேநீரின் நிறம்... தூக்கத்தின் ஆவி இன்னும் அதில் மிதந்தது. அந்தக் கண்கள் அவள் முகத்தைப் பார்த்தன. கூரையைப் பார்த்தன. மறுபடி அவள் முகத்துக்கே வந்தன. அடுத்த நொடி, மெத்தை தூக்கி எறிந்தது போல எழுந்து நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க! மழை... உள்ள வந்தேன். யாரும் இல்ல. உக்காந்து பாக்கலாம்னுதான்..."

"உக்காந்து பாத்தீங்க. சரி. படுத்து ஏன் பாத்தீங்க?"

"உக்காந்தது நல்லா இருந்துச்சு..."

சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

"விலை தெரியுமா அது?"

அவன் அட்டையைப் பார்த்தான். தேநீர்க் கண்கள் அகன்றன. "இவ்வளவு சோம் பணமா! இதுக்கு ஒரு குதிரையே வாங்கலாமே!"

"குதிரை மேல படுத்துத் தூங்குவீங்களா?"

"எங்க தாத்தா தூங்கியிருக்காரு," என்றான் சீரியஸாக. பிறகு வெட்கத்தோடு ஒரு தலையணையைச் சுட்டினான். "இது ஒண்ணு குடுங்க. தூங்கினதுக்கு வாடகை மாதிரி வச்சுக்கோங்க."

அவள் உறை போட்டுக் கொடுக்கும்போதுதான் அவன் கைபேசியைக் கவனித்தான். திரை முழுக்கச் சிவப்பு இதயங்கள் பறந்துகொண்டிருந்தன.

"அது... என்னது அது?"

"நேரலை. நீங்க தூங்கினதை எல்லாரும் பாத்துட்டாங்க."

"எல்லாருமா?"

"மாஸ்கோவுல இருந்து எங்க அப்பாகூட."

பாவம், அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! காலணிக்குள் பாதி காலை நுழைத்தான், தலையணையைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்தான், கொட்டும் மழையில் ஓடியே போனான். பெயர்கூடச் சொல்லவில்லை...

அந்த வீடியோவை அவள் அழிக்கவில்லை. அழிப்பதா? அதில் அவன் தூங்கும் பகுதியை மட்டும் வெட்டி, ‘எங்கள் மெத்தையில் உட்கார்ந்தவர்’ என்று தலைப்பு கொடுத்துப் போட்டுவிட்டாள். அவனிடம் கேட்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. ஊரே கைகொட்டிச் சிரித்தது. சிரித்தவர்கள் கடை தேடி வந்தார்கள். "அந்தப் பையன் படுத்த மெத்தை எது?" என்று கேட்டு வந்த புதுமணத் தம்பதிகள், தங்களுக்கும் அதில் தூக்கம் வருகிறதா என்று படுத்துப் பார்த்தார்கள். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டு அம்மா சபீராவின் முகத்தில் பழைய களை திரும்பியது. வாடகைக்கு விடும் பேச்சையே அவள் எடுக்கவில்லை.

ஆனால் சைகலுக்கு ஒரு குறுகுறுப்பு. கடைக்கு வெளிச்சம் கொண்டுவந்தவனுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே... நன்றிக்காக மட்டும்தானா? அதை அவளே அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு காலை, ஓஷ் பஜாருக்குப் போகும் பேருந்தில் முண்டியடித்து ஏறினாள். முன் கதவருகே ஒற்றைக்காலில் நின்றவளின் காதில் அந்தக் குரல் விழுந்தது.

"முன்னாடி நிக்காதீங்க... பின்னாடி காலியா இருக்கு பாருங்க..."

சட்டென்று திரும்பினாள். ஓட்டுநர் இருக்கையில் அவன்!

கண்ணாடியில் அந்தத் தேநீர்க் கண்கள் அவளைக் கண்டுகொண்டன. பேருந்து ஒருமுறை லேசாகக் குலுங்கியது.

"நீங்களா...?"

"நானேதான். அந்த எஜே."

"ஐயோ, தூக்கத்துல சொன்னது அது! அதிகாலையில எடுத்த வண்டி அன்னிக்கு. கூட வேலை பாக்குறவனுக்குக் குழந்தை பொறந்துச்சுன்னு அவன் ஷிஃப்டையும் சேத்து ஓட்டிட்டு, வண்டிய ஒப்படைச்சிட்டு நடந்து வந்தேன். மழை பிடிச்சுக்கிச்சு." கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் தொடர்ந்தான். "அந்த வீடியோவ எங்க அம்மா பாத்தாங்க. ‘வீட்டுல படுடான்னா படுக்க மாட்டே, யார் கடையிலயோ படுக்குறியே’ன்னு ஒரே திட்டு."

"உங்களைக் கேக்காமப் போட்டுட்டேன். தப்புதான்."

"போட்டாச்சு. விடுங்க. கடைக்கு ஆள் வருதா?"

"வருது."

"அப்போ சரி. தூங்கியாவது ஒருத்தருக்குப் பிரயோஜனப்பட்டேனே..."

அவன் பெயர் எர்மெக். விடுமுறை நாளில் வந்து இன்னொரு வீடியோவில் தலைகாட்ட முடியுமா என்று கேட்டபோது, "பேசத் தெரியாதே எனக்கு" என்றான். ஆனாலும் வந்தான். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, கையில் கறி அடைத்துச் சுட்ட சூடான சம்சாப் பொட்டலம். அம்மா சபீரா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெத்தைக்கு ஏத்த நீளமாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கேமராவுக்கு முன்னால் அவன் மரம்போல் உட்கார்ந்தான்.

"சொல்லுங்க எர்மெக், இந்த மெத்தை எப்படி இருக்கு?"

"ஆபத்து."

"என்னது?"

"இதுல படுத்தா மனுஷன் வேலைக்குப் போக மாட்டான். வேலைக்குப் போற உத்தேசம் இருக்குறவங்க இதை வாங்காதீங்க."

சைகல் தலையில் கைவைத்துக்கொண்டாள். பார்த்தவர்களோ இதயங்களாகப் பொழிந்தார்கள். அவன் நடிக்கவில்லை, அதுதான் விஷயம். வாயில் வந்ததைச் சொன்னான். சொல்லிவிட்டு அவள் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தான், ‘தப்பா சொல்லிட்டேனா?’ என்பது போல... அந்தப் பார்வைக்காகவே அவள் வேண்டுமென்றே கோணல் கேள்விகள் கேட்டாள்.

வசந்தம் முற்றி, தெருமுனையில் மக்சிம் என்னும் தானியப் பானம் விற்கும் பெண்கள் தங்கள் பீப்பாய்களோடு வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு விடுமுறையிலும் எர்மெக் வந்தான். வீடியோ முடிந்ததும் இருவரும் கடை வாசல் மேட்டில் உட்கார்ந்து, புளித்த மக்சிமைக் குடித்தபடி, தெற்கே பனி உருகாத மலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவன் பேருந்தில் நடந்ததையெல்லாம் சொல்லுவான். உயிருள்ள சேவலுக்கும் இருக்கை வேண்டுமென்று சண்டை போட்ட பெரியவர்... தினமும் ஒரே நிறுத்தத்தில் ஏறி, ஒரு வார்த்தை பேசாமல், ஒரே நிறுத்தத்தில் இறங்கும் இருவர்...

"அவங்க எப்போதான் பேசுவாங்க?" என்று கேட்டாள் அவள்.

"தெரியல. ஒருத்தரை ஒருத்தர் பாக்கும்போது பிரேக் போடாம மெதுவா ஓட்டுவேன். என்னால முடிஞ்சது அதுதான்."

அவள் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இவன் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறானா...?

அப்புறம்தான் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது.

அன்று நேரலையில் கூட்டம். இருவரும் ஒரு பஞ்சு மெத்தையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து விரித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. ‘எப்போ கல்யாணம்?’ எர்மெக் அதைப் படித்துவிட்டான். காது நுனி சிவந்தது. சைகலைப் பார்த்தான். இம்முறை ஓரக்கண்ணால் இல்லை... நேராக. அவள் பிடித்திருந்த மெத்தை முனை சற்று நழுவியது. அந்தத் தடுமாற்றத்தை மறைக்க, பழகிய வியாபாரச் சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீங்க எல்லாரும் ஆளுக்கொரு மெத்தை வாங்குங்க, அப்புறம் சொல்றேன்!"

திரை சிரித்தது. எர்மெக்கும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. மெத்தையை மெல்லக் கீழே வைத்தான். நேரலை முடிந்ததும் மக்சிம் குடிக்க நிற்காமல் போய்விட்டான்.

அடுத்த விடுமுறையில் அவன் வரவில்லை. கைபேசியை எடுக்கவில்லை. அதற்கடுத்த விடுமுறையிலும் இல்லை.

ஓஷ் பஜார் வண்டிக்காகக் காத்திருந்து ஏறினாள். ஓட்டுநர் இருக்கையில் நரைமீசைக்காரர் ஒருவர்.

"பாய்கே," என்று அண்ணன் முறை வைத்து அழைத்தாள். "எர்மெக் இன்னிக்கு லீவா?"

"எந்த லீவு?" அவர் கண்ணாடியில் அவளை உற்றுப் பார்த்தார். "நீ அந்த மெத்தைப் பொண்ணுதானே? உனக்கே தெரியாதா? அவனை வண்டியில இருந்து இறக்கி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா. டெப்போவுல பஸ் கழுவுறான்."

சைகலின் கை, பிடித்திருந்த கம்பியிலிருந்து நழுவியது.

"ஏன்...?"

"‘தூங்குற டிரைவரு ஓட்டுற வண்டியில எப்படி ஏறுறது’ன்னு பயணிங்க போன் மேல போன். அந்த வீடியோவ எல்லாரும் பாத்தாங்கல்ல?"

ஒரு மாசத்துக்கு மேலா! அப்படியென்றால், போன மாதம் முழுக்க, இஸ்திரி போட்ட சட்டையில் அவள் கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தானே... பேருந்தில் நேற்று நடந்தது என்று கதை கதையாகச் சொன்னானே... அதெல்லாம்?

டெப்போவின் பின்பக்கம் ரப்பர் காலணியோடு நின்று, குழாயால் ஒரு பேருந்தின் சக்கரத்துக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான் எர்மெக். சட்டை முழுக்கச் சேறு. அவளைப் பார்த்ததும் குழாயை மூடினான்.

"இங்க ஏன் வந்தீங்க? வழுக்கும், பாத்து."

"ஏன் என்கிட்ட சொல்லல நீ?" கோபத்தில் முதன்முறையாக ‘நீ’ வந்துவிட்டது. "என்னாலதானே? நான் போட்ட வீடியோவாலதானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

"சொன்னா அதை எடுத்துடுவ."

"எடுக்காம?"

"கடைக்கு ஆள் வர்றது அதைப் பாத்துத்தானே... உங்க அம்மா முகத்தை நானும்தான் பாத்தேன்." அவனும் ‘நீ’க்கு மாறியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. "வண்டி கழுவினா என்ன, கை தேஞ்சா போயிடும்? சக்கரம் அழுக்கா இருந்தா நல்லா ஓடுமா?"

"அப்போ ஏன் வர்றதை நிறுத்தின?"

அவன் காய்ந்த துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"வண்டியில இருந்து இறக்கினது எனக்குப் பெருசா வலிக்கல சைகல்," என்றான் கடைசியில். "நான் தூங்கினதை நீ வித்த. அதுவும் பரவாயில்ல, அது என் தூக்கம்தானே. ஆனா அன்னிக்கு நான் உன்னைப் பாத்தது... அதையும் சேத்து வித்துட்டியே."

எவ்வளவு பேசுகிற வாய் அது! மழையை மீறிக் கத்திப் பேசுகிற வாய்... இப்போதும் தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் சொன்னது.

"நான் வேணா ஒரு வீடியோ போட்டு எல்லாத்தையும் விளக்கிச் சொல்றேன்..."

"வேண்டாம்." குழாயைத் திறந்தான். "எனக்காக நீ ஊர் முன்னால கெஞ்ச வேண்டாம். போ, நனைஞ்சிடுவ."

போகவில்லை அவள். வாசல் வரை கண்ணீரோடு நடந்தவள், அங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, டெப்போ மேலாளரின் அறைக் கதவைத் தட்டினாள்.

மேலாளர் தமாரா எஜே மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"உக்காரு. யார் நீன்னு எனக்குத் தெரியும். என்ன, இங்கயும் வீடியோ எடுக்க வந்தியா?"

"இல்லைங்க எஜே. அவரு வண்டியில தூங்கல. வேலை முடிஞ்சு, வண்டிய ஒப்படைச்சிட்டுத்தான்..."

"எனக்குத் தெரியாதா? ரெண்டு ஷிஃப்டு ஓட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவளே நான்தான்." தமாரா எஜே பெருமூச்சு விட்டாள். "என் டெப்போவுல அவனை மாதிரி பதமா பிரேக் போடுறவன் இல்ல. ஆனா நான் என்னம்மா பண்றது? காலையில போனை எடுத்தா, ‘அந்தத் தூங்குமூஞ்சி டிரைவரு’. ஜனங்க நிதானமா விசாரிச்சா பேசுறாங்க? அந்தப் படம் ஓடுற வரைக்கும் அவனை சீட்டுல உக்கார வைக்க முடியாது. படம் போயிட்டா, ஜனங்க மறந்துடுவாங்க."

"படம் போயிட்டா?"

"போயிட்டா."

சைகல் கைபேசியை எடுத்தாள். அந்த மழை நாளின் வீடியோ... கடையின் அதிர்ஷ்டமே அதுதான். அதன் கீழே எத்தனை ஆயிரம் இதயங்கள்... கன்னத்துக்கு அடியில் கைகொடுத்துத் தூங்கும் அவன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். அழித்தாள். பிறகு அவன் இருந்த எல்லா வீடியோக்களையும், ஒன்று விடாமல், ஒவ்வொன்றாக. விரல் நிற்கவில்லை.

தமாரா எஜே ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றி அவள் பக்கம் தள்ளினாள்.

வீட்டில் பூகம்பம்!

"அழிச்சிட்டியா? எல்லாத்தையுமா?" அம்மா சபீரா இடுப்பில் கைவைத்து நின்றாள். "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? மறுபடி ஈ ஓட்டவா?"

"அம்மா... அவரு பஸ் கழுவிக்கிட்டு இருக்காரும்மா. நம்ம மெத்தை விக்கணும்னு, ஒரு வார்த்தை சொல்லாம..."

முழுவதையும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள். அம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"அப்படி இருந்துமா ஒவ்வொரு தடவையும் சம்சா வாங்கிட்டு வந்தான்... சம்பளத்தையும் குறைச்சிருப்பானுங்களே பாவிங்க," என்று முணுமுணுத்தாள்.

மறுநாள் மதியம் நேரலையில் ஒரே கேள்வி. எர்மெக் எங்கே? அந்த வீடியோ எங்கே? அவன் இல்லாவிட்டால் மெத்தையே வேண்டாம்! சைகல் தடுமாறிக்கொண்டிருந்தபோது, இதுவரை கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிந்த சபீரா, மகளைத் தோளால் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்பா, உங்களுக்கு மெத்தை வேணுமா, ஆம்பளை வேணுமா? ஆம்பளை வேணும்னா வேற கடைக்குப் போங்க! என் மெத்தைக்கு முதுகு எலும்பு இருக்கு, எவனும் படுத்துக் காட்டணும்னு அவசியம் இல்ல. நீ, அங்க ‘விலை ஜாஸ்தி’ன்னு எழுதுறியே, உன் போன் என்ன விலை? அதுலயா படுத்துத் தூங்குற?"

மேலே ஏறிக்கொண்டிருந்த வரிகள் ஒரு கணம் நின்றன. பிறகு... இதயங்கள். மழையாக!

ஊருக்குத் திட்டு வாங்குவதில் இவ்வளவு ஆசையா என்று சைகல் அதிசயித்துப் போனாள். "சபீரா எஜே, எங்களையும் திட்டுங்க" என்று கடைக்கே வந்து நின்றார்கள் சிலர். முன்னைப்போலக் கூட்டம் இல்லைதான். ஆனால் கதவு திறந்து மூடும் சத்தம் நிற்கவில்லை. அம்மா தினமும் மதியம் தலைத்துணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டு, "இன்னிக்கு யாரைத் திட்டணும்?" என்று வந்து நின்றாள்.

எர்மெக்கிடமிருந்து மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை.

கோடையின் நடுவில்தான் சேதி வந்தது. அதுவும் அந்த நரைமீசைக்காரர் சொல்லித்தான். எர்மெக்கை மறுபடி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் இந்தப் பக்கம் இல்லை. நகரத்தின் மறுகோடியில், மலையடிவாரத்துக்குப் போகும் தடம்.

அன்றே கிளம்பினாள். கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

"இதை எதுக்குடி வச்சிட்டுப் போற?"

"இன்னிக்கு எதையும் விக்கப் போகலம்மா."

அம்மா அவளைப் பார்த்தாள். தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "போ," என்றாள். திட்டவில்லை.

மூன்று வண்டிகளை விட்டபிறகு அவன் வண்டி வந்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் பின்கதவில் ஏறி, கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தாள். வீடுகள் குறைந்தன. பாப்ளார் மரங்கள் வந்தன. மலைகள் ஜன்னலுக்கு அருகே நெருங்கின. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருவர் மூவராக இறங்கிப்போக, கடைசியில் பேருந்து வெறுமையாகி நின்றது.

"இறங்கலாமா? வண்டி இதுக்கு மேல போகாது," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னவன், பாதியில் நிறுத்திவிட்டான்.

கண்ணாடிக்குள் தேநீர்க் கண்கள்...

"இறங்க மாட்டேன்," என்றாள்.

அவன் இருக்கையிலிருந்து எழுந்து வந்தான். நடுவில் இரண்டு இருக்கை தள்ளி நின்றான். அதற்கு மேல் வரத் தைரியம் இல்லை போல.

"தமாரா எஜே சொன்னாங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டியாமே."

"ஆமா."

"நான் வந்து பேசியிருக்கணும். கடைத் தெரு வரைக்கும் வந்தேன்... ரெண்டு மூணு தடவை. உங்க அம்மா யாரையோ திட்டிக்கிட்டு இருந்தாங்க. பயந்து திரும்பிட்டேன்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன சைகலுக்கு. எழுந்து நின்றாள். போகும் வழியெல்லாம் அடுக்கிவைத்த வார்த்தைகள் எங்கே போய் ஒளிந்தனவோ...

"எர்மெக், எனக்குப் பேச்சுத்தான் தொழில். எதையும் சிரிச்சுக்கிட்டே விக்கத் தெரியும். ஆனா அன்னிக்கு நீ பாத்தியே... அப்போ எனக்குப் பயமா இருந்துச்சு. மனசு வெளிய தெரிஞ்சிடுமோன்னு. பயம் வந்தா நான் வியாபாரம் பேசிடுவேன். அது என் புத்தி. அதை நீ பொறுத்துக்கிட்டுத்தான் ஆகணும்." மூச்சு வாங்கினாள். "இப்போ யாரும் பாக்கல. இதயம் பறக்கல. யாரும் ஒண்ணும் வாங்கப் போறதில்ல. சும்மா சொல்றேன். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப... நீ வராத நாள்ல மக்சிம்கூடத் தண்ணி மாதிரி இருக்கு."

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். திரும்பிப் போகும் பயணிகள் கூடிவிட்டிருந்தார்கள். ரொட்டி மூட்டையோடு நின்ற ஒரு பெண் கண்ணாடியில் முகத்தை ஒட்டவைத்து உள்ளே பார்த்தாள்.

"தம்பி! கதவைத் திற! எங்களை உள்ள விட்டுட்டுப் பேசுங்க, நாங்களும் உக்காந்து கேக்குறோம்!"

"ஒரு நிமிஷம் எஜே!" என்று கத்தினான் எர்மெக். சைகலிடம் திரும்பினான். காது, கழுத்து எல்லாம் சிவப்பு. நடுவிலிருந்த இரண்டு இருக்கையையும் கடந்து வந்துவிட்டான்.

"எனக்குப் பேசத் தெரியாதுன்னு உனக்கே தெரியும். அதனால ஒண்ணு மட்டும் கேக்குறேன். எங்க அம்மா ஒரு ஜோடி வெள்ளிக் கம்மல் வாங்கி வச்சு வருஷக்கணக்கா ஆச்சு. ‘எந்தப் பொண்ணு காதுலடா இதைப் போட்டு நம்ம வீட்டுக்குப் பேசி முடிக்கிறது’ன்னு தினமும் கேக்குறாங்க..." தலையைக் குனிந்துகொண்டான். "உங்க வீட்டுக்கு... அவங்கள அனுப்பட்டுமா?"

கதவு மறுபடி தடதடத்தது. யாரோ சிரித்தார்கள்.

சைகல் கைகளைத் தூக்கி, தன் காதிலிருந்த சின்னக் கம்மல்களைக் கழற்றினாள். முதலில் இடது. பிறகு வலது. இரண்டையும் அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"காது காலியா இருக்கு," என்றாள். "சீக்கிரம் வரச் சொல்லு."